தரைத்தளம் யாருக்கு?

பெங்களூரில் நம்மவர் வீடு கட்டுவது இலேசான காரியமல்ல. பி.எப். பணம், வங்கிக் கடன், மனைவியின் நகை, ஊரில் விற்ற காணி எல்லாம் சேர்ந்துதான் ஒரு சைட்டின் மேல் சுவராக எழும்புகிறது. முப்பதுக்கு நாற்பது கிடைத்தவர் பாக்கியசாலி. இருபதுக்கு முப்பதில், அதாவது 600 சதுர அடியில், மூன்று மாடி கட்டுகிறவர்கள் ஏராளம். இவ்வளவு பாடுபட்டுக் கட்டும் வீட்டில் யார் எங்கே இருப்பது என்பதை மட்டும் நாம் உட்கார்ந்து யோசிப்பதில்லை. பக்கத்துத் தெருவில் போட்ட பிளானையே மேஸ்திரி இங்கும் போட்டுவிடுகிறார்.

அந்தப் பிளான் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே வண்டி நிறுத்த இடம், மிச்சத்தில் வாடகைக்கு ஒரு போர்ஷன், மாடியில் வீட்டுக்காரர். மாடியில் காற்று வரும், தெருச் சத்தம் குறையும், மொட்டைமாடி நம் கையில் இருக்கும் என்று காரணம் சொல்வார்கள். நாற்பது வயதில் இதில் ஒரு குறையும் தெரியாது.

ஆனால் காலம் அப்படியே நிற்பதில்லை. ஊரில் தகப்பனார் காலமானதும் தாயார் இங்கே வந்து சேருகிறார். அவர் வாழ்ந்த வீட்டில் திண்ணை, கூடம், கொல்லை எல்லாம் தரையோடு இருந்தவை. இங்கே எதற்கும் மாடிப்படி. மூட்டுவலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவது பெரும்பாடு. முதலில் கோயிலுக்குப் போவது நிற்கிறது. பிறகு கடைக்குப் போவது நிற்கிறது. கன்னடம் பேச வராத அந்த அம்மாளுக்கு, தெருவாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு பேசும் நாலு வார்த்தைதான் உலகம். அதையும் இல்லாமல் செய்துவிட்டு, "அம்மாவுக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்கிறோம். மாடிப்படியை ஓடியே ஏறக்கூடிய இளம் தம்பதியோ கீழே குடியிருக்கிறார்கள்.

ஆகவே, தரைத்தளம் வீட்டுக்காரருக்கு, மாடி வாடகைக்கு என்று முறையை மாற்ற வேண்டும். மாடிக்குப் படி வெளிப்புறம் இருந்தால் இரு குடும்பத்துக்கும் தொந்தரவில்லை. கடன் தவணை கட்ட வாடகை வேண்டாமா என்று கேட்பது நியாயமே. வாடகையை யாரும் விட வேண்டியதில்லை; அது மேலே இருந்து வரட்டும்.

சின்ன சைட்டில் குடும்பம் முழுவதும் கீழே அடங்காது என்பார்கள். அப்படியானால் ஓர் அறையும் கழிவறையுமாவது கீழே இருக்கட்டும். சுவர் நீங்கலாக, 10-க்கு 10 அறையும், 4-க்கு 7 குளியலறையும் கழிவறையும் சேர்ந்தது 128 சதுர அடி. ஒரு கார் நிறுத்த 8-க்கு 16 வேண்டும்; அதுவும் அதே 128 சதுர அடிதான். காருக்கு ஒதுக்க முடிகிற இடத்தைப் பெற்றவளுக்கு ஒதுக்க முடியாதா?

அந்த அறைக்கு ஜன்னல் தெருப்பக்கம் வேண்டும். கழிவறைக்கு வழக்கமாக வைக்கும் இரண்டரை அடிக் கதவில், நிலைச்சட்டம் போக இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூடவே மிஞ்சும். சக்கர நாற்காலி அதில் நுழையத் திணறும். மூன்று அடிக் கதவே வையுங்கள். வாசற்படித் தடுக்கல் வேண்டாம், வழுக்கும் டைல்ஸ் வேண்டாம்.

மாடிப்படியிலும் கவனம் தேவை. வீட்டுப் படி 19 செ.மீ. உயரம் வரை இருக்கலாம் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அப்படி வைத்தால் 10 அடி உயரத்துக்குச் சுமார் 16 படி. ஆறு அங்குலமாக்கினால் 20 படி. பத்து அங்குல மிதியடியானால் கூடுதல் நான்கு படிக்கு ஆகும் நீளம் மூன்றேகால் அடி சொச்சம். முழங்காலுக்கு அது பெரிய உதவி.

வாஸ்துக்காரர் திசையைப் பார்க்கிறார்; மேஸ்திரி சுவரைப் பார்க்கிறார்; முழங்காலை யார் பார்ப்பது? இது தாயாருக்காக மட்டும் சொல்வதும் அல்ல. நாற்பதில் வாங்கிய 20 வருடக் கடன் தீரும்போது நமக்கே அறுபது ஆகிவிடும்.

பூமி பூஜைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் சைட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். பிளானைக் கோலப்பொடியால் தரையில் முழு அளவில் போட்டுக் காட்டுங்கள். கட்டில் எங்கே, கழிவறைக்கு எத்தனை அடி என்று அவர்கள் நடந்து பார்த்துச் சொல்லட்டும். காகிதத்தில் உள்ள சுவரை ரப்பரால் அழித்துவிடலாம். கான்கிரீட் போட்ட பிறகு மாற்ற வேண்டுமானால் இன்னொரு கடன் வாங்க வேண்டியிருக்கும்.