விரிசலுக்கு விலை கொடுப்பவர் யார்?

ஆண்டிபட்டியில் புதுச்சுவர் சரிந்தால், கட்டிய கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். குடியிருப்பவனிடம் தண்டம் கேட்பதில்லை. இந்த நியாயம் அடுக்குமாடிக்கு ஆகாதா?

2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். ஈராண்டு கழித்து ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், விற்றவரே தம் செலவில் சீர்செய்ய வேண்டுமாம். நல்லது! ஆறாம் ஆண்டு விரிசல் விட்டால்? வீட்டுக்கடன் 20 ஆண்டு துரத்தும். விற்றவர் பொறுப்போ ஐந்தே ஆண்டு!

1993-ல் அரசு கட்டிய திருவொற்றியூர்க் குடியிருப்பு 2021 டிசம்பரில் இடிந்தது. மாற்று வீடு தர அரசு முன்வந்தது. தனியாருக்கு அந்தக் கடமை இல்லையா? காலவரம்பை நீட்டுக! அனுமதி தரும்போதே காப்புத்தொகை பெறுக! இலாபம் கண்டவரே செலவையும் ஏற்கட்டும்!