கருவி கொடுத்தா போதுமா? பழுது பார்க்க ஆள் எங்கே?

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவச் சொந்தங்களே!

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடிச்சப்போ, பல நாள் முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் இருந்த தகவல் கடலுக்கு எட்டவில்லை. அதுக்கு நாம கொடுத்த விலை ஊருக்கே தெரியும்.

2024 ஆகஸ்ட் 30 அன்று, ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்தார். இஸ்ரோவின் தொழில்நுட்பம். செல்போன் டவர் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியா செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கை வாங்கலாம், எல்லை நெருங்கினா தெரிஞ்சுக்கலாம். நல்ல திட்டம், வரவேற்கிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. பெட்டியை மாட்டிட்டுப் போனவர், ஆறு மாசம் கழிச்சு அது அணைஞ்சு போனா வந்து பார்ப்பாரா?

கடல்ல எலக்ட்ரானிக்ஸ் கெட்டுப்போறது பெரும்பாலும் பெட்டிக்குள்ள இல்லை, வயரிலும் இணைப்பிலும்தான். உப்புக்காத்து பட்டு செம்புக் கம்பி பச்சை பூத்துப் போகும். வி.எச்.எஃப் செட்டையே எடுத்துக்குங்க. கேட்கிறதுக்குக் கொஞ்சம் கரன்ட் போதும், பேசுறதுக்கு அதைவிடப் பல மடங்கு வேணும். வயர் அரிச்சிருந்தா மத்தவங்க பேசுறது காதுல விழும், ஆனா நாம கூப்பிடுறது யாருக்கும் கேட்காது. செட் நல்லாத்தான் இருக்குன்னு நம்பிப் போறவர், ஆபத்து வந்து 16-ஆம் சேனலில் கத்தும்போதுதான் உண்மையைத் தெரிஞ்சுக்குவார்.

நம்ம பாக் நீரிணையில் இது இன்னும் பெரிய விஷயம். 1974 ஒப்பந்தம் போட்ட கோடு கடல் மேல கண்ணுக்குத் தெரியாது. ராத்திரியில் ஜி.பி.எஸ் அணைஞ்சா, நீரோட்டம் எங்க இழுத்துட்டுப் போகுதுன்னே தெரியாது. இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டா ஆளுக்குச் சிறை, படகு பறிமுதல். ஒரு ஃபியூஸ் போனதுக்கு ஒரு குடும்பத்தோட வாழ்க்கையே போகணுமா?

அதனால நம்ம கோரிக்கை மூணு:

1. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகளை மீன்வளத் துறை ஆய்வு செய்றதும் அப்போதான். அந்தக் குழுவோட ஒரு எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனும் வரணும். பதிவு எண்ணை மட்டும் பார்க்காம, கருவி வேலை செய்யுதான்னும் பார்க்கணும். தடைக்கால ஆய்வில் வராத நாட்டுப்படகு, ஃபைபர் படகுகளுக்குத் தனி முகாம் வேணும்.

2. ஐ.டி.ஐ முடிச்ச மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படகுக் கருவிகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் உதவித்தொகையோட பயிற்சி கொடுக்கணும். மீன்பிடிக் கப்பல் தொழிலுக்குப் பயிற்சி தர்ற மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனத்துக்குச் சென்னையிலேயே கிளை இருக்கு. நம்ம ஊருக்கு வேலையும் ஆச்சு, கூப்பிட்டா ஓடி வர ஆளும் ஆச்சு.

3. அரசு வாங்குற ஒவ்வொரு கருவியோட ஒப்பந்தத்திலும், புகார் கொடுத்தா எத்தனை நாளில் ஆள் வரணும்னு எழுதியிருக்கணும். தவறினா கம்பெனிக்கு அபராதம்.

இது நடக்கும் வரை, சொந்தக் காசில் ஆள் வைக்கிற படகு உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கு வயரிங் பண்றவரும் படகுக்கு வயரிங் பண்றவரும் ஒண்ணு இல்லை. இதுக்கு முன்னாடி எந்தப் படகில் வேலை பார்த்தார்னு கேட்டு, அந்த உரிமையாளரிடம் விசாரிங்க. ஈயம் பூசின வயர் போடச் சொல்லுங்க. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ் இருக்கட்டும். இன்ஜின் ஸ்டார்ட் பண்ற பேட்டரி வேற, கருவிகளுக்கான பேட்டரி வேறன்னு பிரிச்சு வைங்க. எந்த வயர் எங்க போகுதுன்னு ஒரு தாளில் வரைஞ்சு வாங்கிக்குங்க, அடுத்து வர்றவருக்கு அதுதான் வழிகாட்டி. முக்கியமா, கடலுக்குக் கொண்டு போய் இன்னொரு படகோட பேசிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்க. பில் இல்லாம வேலையை முடிக்காதீங்க.

கொடுத்த கருவி எத்தனைன்னு கணக்கு காட்டுறது சுலபம். அதில் இன்னிக்கு எத்தனை வேலை செய்யுதுன்னு அரசு கணக்கு காட்டட்டும். அதைத்தான் கேட்கிறோம்.

#மீனவர்_பாதுகாப்பு #மணமேல்குடி