அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?

நம் ஊர் ஒர்க் ஷாப்புகளில் தினமும் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்!" பஸ் சீட்டில் இடம் கேட்கிறவருக்கு அது நல்ல சொல்தான். ஆனால் ஸ்டியரிங்கில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது என்பது என் கருத்து.

உதாரணத்துக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் 1961 முதல் நம் சென்னையில் இந்தப் பெயரில் தயாரானது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்று பெருமையாகப் பேசப்பட்ட வண்டி. அந்த ஸ்டியரிங் ஷாஃப்டை வெளிக்குழாய்க்குள் தாங்கி நிற்பவை சின்னஞ்சிறு புஷ்கள். பேரிங் வேலையை அவைதான் செய்கின்றன. அவை தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், கையில் உதறல் தெரியும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டியரிங் வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் புஷ் போயிருக்கிறது. வீல் திரும்பியும் முன் டயர் அசையவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். டை ராடு எண்ட், ராக், கப்ளிங் எல்லாம் பார்க்கணும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல டை ராடு எண்டை மாற்றிக் காசை வீணாக்குகிறவர்கள் உண்டு.

பல இடங்களில் என்ன செய்கிறார்கள்? "பழைய வண்டி, ஸ்பேர் எங்கே தம்பி கிடைக்குது?" என்று சைக்கிள் டியூப் துண்டையோ தகரத்தையோ செருகி அனுப்பிவிடுகிறார்கள். தகரம் ஷாஃப்டை அறுக்கும். டியூப் சுருண்டு இறுக்கும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாவிட்டால், உள்ளே இருக்கிற குடும்பத்தின் கதி என்ன?

ஸ்பேர் கிடைக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். நம் கையில் வெர்னியர் இல்லையா? லேத் இல்லையா? ஷாஃப்டில் தேயாத இடத்தின் விட்டம், குழாயின் உள்விட்டம், இரண்டையும் அளந்தால் ஒரு நைலான் ராடில் புஷ் கடைந்துவிடலாம். ஃபேசிங், டர்னிங், டிரில்லிங், போரிங் என்று நாம் படித்த பாடம்தானே! நைலான் ஈரத்தில் கொஞ்சம் உப்பும். அதற்கு இடைவெளி விடணும். பழைய புஷ்ஷில் குழாயின் துளையில் உட்காரும் காது இருந்தால் புதியதிலும் வேணும், இல்லாவிட்டால் நழுவிவிடும்.

கழற்றும்போதும் பொறுமை வேணும். பேட்டரி வயரை எடுத்துவிட்டு, வீல் உட்கார்ந்த இடத்துக்கு மார்க் போடணும். நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மரை விட்டு வைத்து இழுக்கணும். இல்லாவிட்டால் வீல் முகத்தில் வந்து அடிக்கும். ஷாஃப்டைச் சுத்தியலால் தட்டவே கூடாது.

ஒன்றை மறக்கக் கூடாது. புஷ் ஷாஃப்டைத் தாங்குகிறதே தவிர, திருப்பும் விசை அதன் வழியே போவதில்லை. அதனால்தான் கடையலாம் என்கிறேன். விசை போகும் கப்ளிங்கையோ டை ராடு எண்டையோ நாமாகச் செய்வதும், வெல்டு வைப்பதும் கொலைக்குச் சமம்.

நம் ஒர்க் ஷாப்பில் ஸ்டெப் டர்னிங் செய்கிறோம், மார்க் வாங்குகிறோம், ஜாப் ஸ்கிராப் பெட்டிக்குப் போகிறது. இறுதியாண்டிலாவது ஒரு பழைய வண்டியின் தேய்ந்த பாகத்தை மாணவரே அளந்து, படம் வரைந்து, கடைந்து, ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிப் பொருத்த விட்டால் என்ன? நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரின் அருமை அன்றுதான் புரியும்.

"படிக்கிற பையன் கையில கிரீஸ் எதுக்குடா?" என்று எங்கள் வீட்டில் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். அவர்கள் ஆசை புரிகிறது. ஆனால் படித்த கை கிரீஸைத் தொடாமல் ஒதுங்கினால், அளக்கத் தெரியாத கைதான் ஸ்டியரிங்கைத் தொடும். கண் மதிப்பு போதும் என்கிறவரிடம் மரியாதையாகவே சொல்லுவோம்: "அண்ணே, ஒரு நிமிஷம், அளந்து பார்த்துடுவோம்."