கோபுரமும் இடிந்த மாளிகையும்

அயர்லாந்துக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பிரசித்தி பெற்ற கோட்டைகளை ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்துத் திரும்புவதைவிட, கால்வே பிரதேசத்தில் கோர்ட் என்னும் சிற்றூரை அடுத்துச் சில தினங்கள் தங்கி, சுண்ணாம்புக்கல் மதில்களுக்கிடையே செல்லும் கிராமப் பாதைகளில் கால்நடையாகச் சஞ்சரிப்பதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அங்கே ஓர் ஓடைக்கரையில் நிற்கிறது, நார்மானிய வம்சத்தார் கட்டிய தூர் பாலிலீ என்னும் பழம்பெருங் கோபுரம். தாகூரின் கீதாஞ்சலிக்கு 1912-இல் முன்னுரை எழுதிய மகாகவி யேட்ஸ், அதனை 1917-இல் 35 பவுனுக்கு வாங்கிச் செப்பனிட்டு, கோடைகாலங்களில் குடும்பத்தோடு வசித்து, 1928-இல் வெளிவந்த தம் கவிதை நூலுக்கும் ‘கோபுரம்’ என்றே நாமம் சூட்டினார்.

அதற்குச் சில மைல் தொலைவில், அவரை ஆதரித்த நாடகாசிரியை கிரெகரி சீமாட்டியின் கூல் மாளிகை இருந்தது. போர்வீரர் வாழ்ந்த கற்சுவருக்குக் காட்டிய சிரத்தையை இலக்கியம் பிறந்த இல்லத்துக்கும் காட்டியிருக்க வேண்டாமா? 1941-இல் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். என் நெஞ்சம் இன்னும் ஆறவில்லை. யேட்ஸும் பெர்னார்ட் ஷாவும் தங்கள் பெயரின் முதலெழுத்துக்களைச் செதுக்கிய பீச் மரம் மட்டும், இரும்பு வேலிக்குள், இன்றும் துளிர்க்கிறது.