இளமைக்கு அபராதம் போடாதீர்!

பொழுது புலருமுன்பே அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலம் நோக்கி மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்துக் கிளம்புகின்றன. கொலுசுப் பட்டறைக்கு ஒருவன், தறிக்கு ஒருவன், ஜவுளிக் கடைக்கு ஒருவன், கட்டட வேலைக்கு ஒருவன் — பெரும்பாலும் இருபதும் இருபத்தைந்தும் வயதுடைய காளைகள். வண்டி, தவணையில் வாங்கியது. அல்லது ஆட்டோ கன்சல்டிங்கில் பழையதாய்ப் பிடித்தது. பின் இருக்கையில் ஒரு தோழன். கைப்பிடியில் சோற்றுப் பை. அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? இருந்தால், கெடு முடியாமல் இருக்கிறதா? முடியவில்லை என்றாலும், அது யாரைக் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது? இவற்றைத்தான் இன்று நாம் பேச விரும்புகிறோம்.

இன்ஷூரன்ஸ் என்றதும் நம் தோழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாலையோரம் நிற்கும் போலீஸ்காரர்தான். "போலீசுக்குக் காட்டும் சீட்டு" என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டோம். இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு என்கிறது 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். ஆனால் தோழர்காள், அபராதத்துக்கு அஞ்சியா இந்தச் சீட்டை வாங்க வேண்டும்? அபராதம் கொசுக்கடி, அதற்கு அப்பால் புலி ஒன்று படுத்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர், மாதம் 15,000 ரூபாய் சம்பாதிப்பவர், மனைவி, இரு பிள்ளைகள், வயதான தாய் — நால்வருக்கும் சோறு போடுபவர், நம் தோழன் ஓட்டிய வண்டி மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்கிடும்? உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்த முறை இருக்கிறது. வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கல் எண் 17. ஆக 32 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய்! ஈமச் செலவு முதலியன தனி. இன்ஷூரன்ஸ் இருந்தால் இதைக் கட்டுவது கம்பெனி. இல்லையென்றால், வண்டியின் சொந்தக்காரன். நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல் கலெக்டர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்பன் விட்டுச்சென்ற கால் ஏக்கர் போகும். ஓட்டு வீடு போகும். போனபிறகும் கடன் தீராது. மறுபக்கம் பாருங்கள். இறந்தவர் வீட்டாரின் கதி என்ன? தீர்ப்பு என்ற காகிதம் கையில் இருக்கும். தருவதற்கு ஓட்டியவனிடம் ஒன்றும் இராது. ஏழை ஏழையை மோதி, இரண்டு குடும்பமும் தெருவில் நிற்கும். மூன்றாம் நபர் காப்புறுதி என்பது இந்த இரட்டை அழிவைத் தடுக்க வந்த ஏற்பாடு. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் பெற்று, 1946 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

விலை என்ன? இங்கேதான் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் அறிவிப்பின்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையிலான இரு சக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய். அதற்கு முன் 752 ஆக இருந்தது. 1000 சி.சி.க்கு மிகாத சொந்த உபயோகக் காருக்கு 2,094 ரூபாய். இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஓட்டுகிறவன் வயதை யாரும் கேட்கவில்லை! பதினெட்டு வயதுப் பையனுக்கும் 714. ஐம்பது வயது முதலாளிக்கும் 714. இஞ்சினைப் பார்த்து விலை. முகத்தைப் பார்த்து அல்ல.

சீமையில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் 1930-ஆம் ஆண்டே மூன்றாம் நபர் காப்புறுதி கட்டாயமாயிற்று. ஆனால் விலையைக் கம்பெனிகள் கையில் விட்டார்கள். விளைவு? பள்ளி முடித்து முதல் வேலைக்குப் போகும் இளைஞன், நடுவயதுக்காரர் கட்டுவதைப் போலப் பன்மடங்கு கட்டுகிறான். வண்டியில் கறுப்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, எப்போது ஓட்டினாய், எவ்வளவு வேகம் என்று கம்பெனி உளவு பார்க்கச் சம்மதித்தால் கொஞ்சம் தள்ளுபடி! அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இதே கதை. இளமை ஒரு குற்றம். அதற்கு ஆண்டுதோறும் அபராதம். முதலாளித்துவத்தின் தலைப்பிள்ளையான அந்த நாட்டிலேயே கலிபோர்னியா மக்கள் பொறுக்க மாட்டாமல் 1988-இல் வாக்குச்சீட்டில் முத்திரையிட்டு, அரசின் முன் அனுமதி இல்லாமல் கம்பெனிகள் விலையேற்ற முடியாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஹவாய் மாநிலத்தில் வயதைக் காட்டி விலை வைப்பதற்கே தடை.

நம் நாட்டில் அந்த அபராதம் இன்னும் வந்து சேராததற்குக் காரணம் கம்பெனிகளின் கருணை அன்று. விலையை அரசு நிர்ணயிக்கிறது — அவ்வளவுதான். 1973 ஜனவரி முதல் நாள், 107 பொதுக் காப்புறுதிக் கம்பெனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு நான்கு கம்பெனிகளாயின. அவற்றுள் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் நம் சென்னையில் இருக்கிறது. பிறகு 1999-இல் சட்டம் மாறியது, தனியார் நுழைந்தனர். 2007 ஜனவரி முதல் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் சந்தையின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அன்னிய மூலதனத்துக்கு நூற்றுக்கு 26 என்று திறந்த கதவு 2015-இல் 49, 2021-இல் 74, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் நூற்றுக்கு நூறு! மிச்சமிருக்கும் ஒரே வேலி, மூன்றாம் நபர் பிரீமியத்தின் அரசு விலை. அதையும் சந்தையிடம் விட்டுவிடுங்கள் என்ற குரல் காப்புறுதி உலகில் புதிதன்று. அந்த வேலி சாய்ந்தால் மறுநாளே அயோத்தியாப்பட்டணத்துப் பையனுக்கும் இலண்டன் பையனின் கதிதான். வருமானம் குறைந்த வயதில் செலவு மிகுந்த காப்புறுதி! இதற்கு நாம் ஒருபோதும் உடன்பட மாட்டோம்.

மூன்றாம் நபர் கணக்கில் தங்களுக்கு நட்டம் என்று கம்பெனிகள் சொல்வது முழுப் பொய் என்று நாம் கூறவில்லை. ஆனால் அதற்கு மருந்து இளைஞன் தலையில் கட்டுவதா? நாட்டில் உள்ள வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை காப்புறுதி இல்லாமல் இருப்பதை நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2024-இல் சுட்டிக் காட்டியது. விட்டுப்போன பாதியையும் உள்ளே கொண்டுவந்தால் நிதி தானே பெருகும்.

அந்தப் பாதி எப்படி விட்டுப் போகிறது? கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். இராஜசேகரன் — சாலையில் நொறுங்கி வரும் உடல்களை அன்றாடம் பார்த்தவர் — தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் ஆணையிட்டது. அதன்படி அவ்வாண்டு செப்டம்பர் முதல் புது இரு சக்கர வண்டிக்கு ஐந்தாண்டு, காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்புறுதி வாங்கியே தீரவேண்டும். நல்ல ஆணை. ஆனால் ஷோரூமில் தவணைக் கணக்கோடு கணக்காக அது சேர்ந்துவிடுகிறது, வாங்கினவனுக்கே நினைவில்லை. ஐந்தாம் ஆண்டு முடிகிறது, தவணையும் முடிந்திருக்கும், நினைவூட்ட யாருமில்லை. வண்டி ஓடுகிறது, காப்புறுதி செத்துக் கிடக்கிறது. 2018 செப்டம்பரில் வாங்கிய வண்டிக்கு 2023-லேயே கெடு முடிந்துவிட்டது என்பதை எத்தனை தோழர்கள் எண்ணிப் பார்த்தார்கள்?

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்தி. மூன்றாம் நபர் என்றால் சாலையில் எதிர்ப்பட்டவர். சரி, பின் இருக்கையில் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறானே, அந்தத் தோழன் யார்? சட்டக் கட்டாயத்துக்காக மட்டும் எடுக்கும் காப்புறுதியில் அவனுக்குப் பாதுகாப்பு இல்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சொந்தச் சேதமும் சேர்ந்த முழுக் காப்புறுதி எடுத்தவன் வண்டியில் அவனுக்கும் பாதுகாப்பு உண்டு. அதாவது அதிகம் கட்ட முடிந்தவனின் நண்பனுக்குப் பாதுகாப்பு. 714 ரூபாய்க்குள் நிற்கும் தொழிலாளியின் நண்பனுக்கு நட்டாற்றில் விடை! பஸ் காசை மிச்சம் பிடிக்க ஒரு வண்டியில் இருவராகப் போகிறவன் யார்? தொழிலாளிதானே? அவனைப் பார்த்தா இந்த ஓட்டையை வைத்திருக்கிறார்கள்? பின் இருக்கைக்காரரையும் கட்டாயக் காப்புறுதிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது நமது உறுதியான கோரிக்கை. அது நிறைவேறும் வரை, காப்புறுதி எடுக்கும்போதே சிறு தொகை கூடுதலாகக் கட்டிப் பின் இருக்கைக்கு விபத்துக் காப்பு கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஓட்டுகிறவனும் மூன்றாம் நபர் அல்லன். அவனுக்கென்று தனியாக இருப்பது சொந்தக்காரர் விபத்துக் காப்பு. இரு சக்கர வண்டிக்காரனின் உயிருக்கு ஒரு லட்சம் என்றிருந்ததை 2018-இல் 15 லட்சமாக உயர்த்தினர். அதே மதிப்புள்ள விபத்துக் காப்பு ஏற்கெனவே வைத்திருப்பவன் மறுபடி வாங்கத் தேவையில்லை. லைசென்ஸ் இல்லாதவனுக்கு இது கிடையாது. லைசென்ஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் இல்லாத தம்பியிடம் சாவியைக் கொடுத்து அவன் யாரையேனும் மோதினால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உங்களிடமே திருப்பிக் கேட்கும். பாசத்துக்குக் கொடுத்த சாவி பரம்பரைக் கடனாகிவிடும்.

பழைய வண்டி வாங்குகிற தோழர்களே, விற்கிற தோழர்களே! ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமல் வண்டி நாலு கை மாறுகிறது. பதிவேட்டில் எவன் பெயர் இருக்கிறதோ அவனே சொந்தக்காரன் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. என்றோ விற்ற வண்டி அரூர் சாலையில் எங்கோ மோதினால், அயோத்தியாப்பட்டணத்தில் படுத்திருப்பவன் பெயருக்குச் சம்மன் வரும். அரைநாள் கூலி போனாலும் போகட்டும் என்று பெயரை மாற்றிவிடுங்கள்.

வண்டியை விட்டு வீட்டுக்கு வருவோம். அது வாடகை வீடு. பெரும்பாலும் லைன் வீடு. தீயோ புயலோ வந்தால், வீட்டுக்காரர் எடுத்த காப்புறுதி சுவரைக் காக்கும். உள்ளே இருக்கும் கட்டில், பீரோ, தையல் மெஷின், டி.வி. ஒன்றையும் காக்காது. 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் விற்கவேண்டிய வீட்டுக் காப்புறுதி ஒன்று இருக்கிறது — பெயர் பாரத் கிருக ரக்ஷாவாம்! குடியிருப்பவர் பொருள்களுக்கு மட்டும் இதை எடுக்கலாம். தீ, புயல், வெள்ளம், இடி அதில் அடங்கும்; வெறும் திருட்டு அடங்காது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். ஏஜெண்டுகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சிறு பிரீமியத்தில் சிறு கமிஷன்தானே!

காசே கட்டாமல் இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சமையல் காஸ் இணைப்பு உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணெய்க் கம்பெனிகள் காப்புறுதி எடுத்து வைத்திருக்கின்றன. சிலிண்டர் விபத்தில் இறந்தால் ஆளுக்கு 6 லட்சம். மருத்துவத்துக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை. பொருட்சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஆனால் பொருட்சேதத்துக்குக் காசு, இணைப்புப் பதிவான முகவரிக்குத்தான். ஆண்டுக்கு ஒரு வீடு மாறும் நம் தோழன், கார்டில் பழைய முகவரியையே வைத்திருக்கிறான். சிலர் யாரோ ஒருவரின் சிலிண்டரை வாங்கி எரிக்கிறார்கள். உரிமை இருந்தும் கைக்கு எட்டாமல் போவது இப்படித்தான். வீடு மாறினால் ஏஜென்சியில் முகவரியை மாற்றுங்கள்.

கடைசியாக, டில்லியைக் கேட்கிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்புறுதிக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் வரி நீக்கினீர்கள், வரவேற்றோம். சட்டமே கட்டாயப்படுத்தும் இரு சக்கர வண்டிக் காப்புறுதிக்கு மட்டும் நூற்றுக்கு 18 ஏன்? 714 ரூபாய் சீட்டு தொழிலாளி கைக்கு வரும்போது 843 ஆகிவிடுகிறதே! விருப்பப்பட்டு வாங்குவதற்கு வரி இல்லை. வாங்காவிட்டால் சிறை என்பதற்கு வரி! இதில் பாதி மாநில அரசுக்கும் வருகிறது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் காப்புறுதி மத்தியப் பட்டியலில் 47-ஆவது இனம்; சட்டம் செய்யும் அதிகாரம் முழுதும் டில்லியில். சாலையில் விழுந்தவனை 108 வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்து, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வகுத்ததோ தமிழ்நாடு. பாரம் இங்கே, பேனா அங்கே.

நம் கிளைக் கழகத் தோழர்கள் வரும் ஞாயிறுகளில் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து ஒரு வேலை செய்யட்டும். இளைஞர்களின் வண்டி எண்ணைக் கைப்பேசியில் பரிவாகன் செயலியில் போட்டு, காப்புறுதியின் கெடு என்று முடிகிறது என்று பார்த்துச் சொல்லட்டும். வங்கிக் கணக்கு உள்ளவர்களிடம் அந்த 20 ரூபாய்த் திட்டத்தையும் கேட்கட்டும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா! உச்சரித்தால் நாக்குச் சுளுக்கும். பெயர் அவர்களுடையது, இருபது ரூபாய் நம்முடையது. 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். மே 31-க்குள் கணக்கில் இருபது ரூபாய் இல்லாமல் அது அறுந்துபோகும் வீடுகள் எவை என்று கிளைத் தோழர்கள் ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.