துடைப்பமும் சாம்பிராணியும்

வியாழக்கிழமை அந்தி மயங்கி, மஃரிபுத் தொழுகை முடிந்ததும் நம் ஊர்களில் பல முஸ்லிம் இல்லங்களில் சாம்பிராணிப் புகை எழும். தணல் நிறைந்த சட்டியைக் கையிலேந்தி, வீட்டின் மூத்த பெண்மணி கூடம், அடுக்களை, படுக்கையறை என ஒவ்வொன்றாய்ச் சுற்றி வருவார். இஸ்லாமியக் கணக்கில் நாள் என்பது அந்தியில் தொடங்குவது. ஆகவே வியாழன் மாலையிலேயே வெள்ளி பிறந்துவிடுகிறது. சிறப்புடைய அந்நாளை நறுமணத்தோடு வரவேற்பது பாட்டன் பாட்டி காலத்திலிருந்து வரும் பழக்கம். அதனைக் குறைகூறுவது நமது நோக்கமன்று.

ஆயினும், வாசக அன்பர்களே, ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். புகை அடங்கிய பின், வெள்ளி காலை உங்கள் இல்லம் எப்படி மணக்கிறது? அடுக்களைத் தொட்டியின் நாற்றமும், மூலையில் குவிந்த ஈரத்துணியின் வாடையும், மழையில் ஊறிய சுவரின் முடையும் மீண்டும் தலைதூக்குமானால், நேற்று மாலை நாம் செய்தது என்ன? அழுக்கை அகற்றினோமா, அல்லது அதற்கொரு போர்வை போர்த்தினோமா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, அபூதாவூத் முதலிய நூல்களில் இடம்பெற்றுள்ள நபிமொழி ஒன்று இங்கே நம் நினைவுக்கு வருகிறது. குடியிருப்புகள்தோறும் பள்ளிவாசல் கட்டவும், அவற்றைத் தூய்மை செய்யவும், நறுமணமூட்டவும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள் என்பது அதன் கருத்து. சொற்களின் வரிசையைக் கவனியுங்கள். தூய்மை முன்னே வருகிறது, நறுமணம் பின்னே வருகிறது. அந்நபிமொழியில் குடியிருப்பு என்று நாம் பொருள்கொள்ளும் 'தூர்' என்னும் அரபுச் சொல், வீடு எனப் பொருள்படும் 'தார்' என்பதன் பன்மையாகும். குலத்தார் வாழும் பகுதிகளையே அது குறிக்கிறது என்று அறிஞர் பலர் விளக்கினர்; இல்லத்தினுள் தொழுகைக்கென ஒதுக்கும் இடத்தையும் அது தழுவும் என்று கொண்டவர்களும் உண்டு. எப்படிக் கொண்டாலும், தொழுகை விரிப்பு விரிக்கப்படும் வீட்டின் மூலைக்கும் இந்த வரிசை பொருந்தும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

நறுமணத்துக்கு இஸ்லாம் எதிரியன்று. வெள்ளிக்கிழமை குளித்து, பல்துலக்கி, இருக்கும் நறுமணத்தைப் பூசிக்கொண்டு ஜும்ஆவுக்கு வருமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். மதீனத்துப் பள்ளியில் தூபமிட்டு வந்த காரணத்தால் நுஅய்ம் என்னும் நபிமொழி அறிவிப்பாளருக்கு 'முஜ்மிர்', அதாவது தூபமிடுபவர், என்றே பட்டப்பெயர் அமைந்தது. நம் சாம்பிராணியிலும் அரபு வணிகரின் நினைவு ஒட்டியிருக்கிறது. சுமத்ராத் தீவின் மரங்களிலிருந்து வடியும் அப்பிசினுக்கு அவர்கள் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் குந்துருக்கம், என்று பெயரிட்டனர். அதுவே ஐரோப்பியர் நாவில் சிதைந்து 'பென்சாயின்' ஆயிற்று. அதிலிருந்தே வேதியியலார் கூறும் 'பென்சீன்' என்னும் பெயரும் பிறந்தது. இன்று கடைகளில் 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' என்றும் ஒன்று விற்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் தூபத்துக்கும் என்ன உறவோ, நாமறியோம்!

இனி நம் வீட்டு மணத்துக்கு வருவோம். இதில் பெருந்தடை, நம் வீட்டு வாடை நமக்கே தெரியாமற்போவதுதான். இடைவிடாது முகரும் மணத்தை மூக்கு சில நிமிடங்களிலேயே பொருட்படுத்தாது விட்டுவிடும். அது உடலின் இயல்பு. வந்த விருந்தினர் வாசலிலேயே உணர்வதை, வீட்டுக்காரர் ஆண்டுக்கணக்கில் உணரமாட்டார். விருந்தினரும் நாகரிகம் கருதி வாய் திறக்கமாட்டார். சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் சென்று திரும்புவோர் ஒன்று செய்யலாம். விடியற்காலைத் தூய காற்றில் நடந்துவந்த மூக்கோடு, வாசற்படியில் ஒரு கணம் நின்று, கதவைத் திறந்தவுடன் வரும் முதல் மூச்சைக் கவனியுங்கள். உங்கள் வீட்டைப் பற்றி அந்த ஒரு மூச்சு சொல்வதை வேறெவரும் சொல்லமாட்டார்.

வீட்டு நாற்றத்தின் பெரும்பகுதிக்கு வேர், தேங்கிய ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணிகள் உலராமல் அறைக்குள் கொடிகளில் தொங்குகின்றன. கதவும் சன்னலும் அடைத்துக் கிடக்கின்றன. சமையலின் ஆவியும் குளியலின் ஆவியும் வெளியேற வழியின்றிச் சுவரில் படிய, பூஞ்சை பிடிக்கிறது. அதன்மேல் வண்ணப்பூச்சைப் பூசுவதும் நாற்றத்தின்மேல் அத்தரைத் தெளிப்பதும் ஒன்றே. முதலில் ஒழுக்கை அடைக்கவேண்டும், சுவரை உலரவிடவேண்டும். நோன்புக்கு முன்னே வீட்டுக்கு வெள்ளையடித்த நம் முன்னோர் அழகுக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வேர்கொள்வதில்லை. எதிரெதிரான இரு சன்னல்களைக் காலையில் சிறிது நேரம் திறந்துவைத்தல், தலையணையையும் பாயையும் மெத்தையையும் வெயில் காட்டுதல், துணியை முற்ற உலர்த்திய பின்னரே மடித்தல் ஆகியவற்றுக்குக் காசு செலவில்லை, கவனம்தான் செலவு.

நீர்ப்போக்கிகளைப் பற்றியும் ஒரு செய்தி. 1775இல் இலண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கைவினைஞர், கழிப்பறைக் குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்குமாறு அமைத்து உரிமம் பெற்றார். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாதபடி தடுப்பது அந்தச் சிறிதளவு நீரே. இன்றும் நம் கழிப்பறைகள் அம்முறையையே சார்ந்துள்ளன. வெளிநாட்டில் பணிபுரியும் மகனுக்கென்று மாடியில் கட்டிப் பூட்டிவைத்த குளியலறையிலிருந்து காரணம் புரியாத நாற்றம் எழுகிறதா? வளைவிலிருந்த நீர் வற்றியிருக்கும். வாரம் ஒருமுறை ஒரு வாளி நீரை ஊற்றினால் போதும்.

மீன் வாடைக்கு நம் தாய்மார்கள் கண்ட மருந்து புளி. மீனின் கவிச்சுக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. புளியிலோ எலுமிச்சையிலோ உள்ள அமிலம் அதனோடு கூடி, காற்றில் பறக்கவியலாத உப்பாக அதை மாற்றிவிடுகிறது. மீன்சட்டியைப் புளிச்சக்கையால் தேய்த்த அடுக்களைப் பெண்மணி, வேதியியல் படிக்காமலே அதனை நடத்திக்காட்டினார்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நறுமணத்தின் பெயரால் நாம் வீட்டுக்குள் விடும் பொருள்கள் சில, நாற்றத்தைவிடத் தீங்கானவை. பச்சிளங் குழந்தையைக் குளிப்பாட்டி, தலை உலரச் சாம்பிராணிப் புகையில் காட்டும் வழக்கம் நம் நாட்டில் சமய வேறுபாடின்றி எல்லா வீடுகளிலும் உண்டு. அன்பினால் செய்வதே, ஆயினும் குழந்தை மருத்துவர்கள் இதனைத் தவிர்க்கச் சொல்கின்றனர். எப்புகையாயினும் அதிலுள்ள நுண்துகள் அச்சிறு நுரையீரலுக்குச் சுமைதான். துவட்டுவதற்கு உலர்ந்த துணி போதாதா? கொசுவர்த்திச் சுருளின் நிலை இன்னும் மோசம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைத்துகளுக்கு ஈடாகும் என்று கண்டது. அடைத்த அறையில் அதனை ஏற்றிவைத்து இரவு முழுதும் பிள்ளைகளை உறங்கவைக்கிறோம். அதன்மேல் ஊதுவத்தியும் சேர்ந்தால் சொல்லவேண்டுவதில்லை. சாம்பிராணி இடுவோர் சன்னலைத் திறந்துவைத்து, சிறிதளவே இட்டு, இளைப்பு நோயாளியையும் குழந்தையையும் அப்புறப்படுத்திய பின் இடுவாராக.

துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையும் அப்படியே. ஜி.6 பி.டி. என்னும் நொதி உடலில் குறைவாகப் பெற்றுப் பிறந்த குழந்தைகளுக்கு, அந்துருண்டையோடு வைத்திருந்த துணியைப் போர்த்தினாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான சோகையும் மஞ்சட்காமாலையும் வருவதுண்டு. கழிப்பறையைக் கழுவும் அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்ப்பதோ உயிருக்கே உலைவைப்பது. 'இரண்டும் சேர்ந்தால் நன்றாக வெளுக்கும்' என்று எண்ணி ஊற்றுவோர் உண்டு. அதிலிருந்து எழுவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே போர்க்களத்தில் படைவீரர்மேல் ஏவப்பட்ட அதே நச்சு. கதவடைத்த சிறு குளியலறையில் அது எழுந்தால் என்னாகும் என்று எண்ணிப்பாருங்கள்.

நம் வீட்டின் மணம் நம் சுவரோடு நின்றுவிடுவதில்லை. பூண்டையும் வெங்காயத்தையும் பச்சையாக உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலை நெருங்கவேண்டாம் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பூண்டு விலக்கப்பட்ட உணவா எனத் தோழர்கள் ஐயுற்றபோது, இறைவன் ஆகுமாக்கியதைத் தாம் விலக்கவில்லை, அதன் வாடையையே வெறுப்பதாகத் தெளிவுபடுத்தினார்கள். உண்பவர் அதனைச் சமைத்து வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என்று உமர் (ரலி) அவர்கள் வழிகாட்டினார்கள். குழம்பு காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைவில் கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுரை கூறப்பட்டதும் ஹதீஸில் உள்ளது. நம் வீட்டு நன்மணத்திலேயே அண்டை வீட்டாருக்குப் பங்குண்டு என்றால், துர்நாற்றத்தை அவருக்கு அனுப்ப நமக்கேது உரிமை?

இவ்வளவும் அறிந்த நாம் ஹஜ்ஜுப் பெருநாளன்று செய்வதென்ன? இறைச்சியைப் பங்கிடுவதில் காட்டும் அக்கறையை, குடலையும் இரத்தத்தையும் அகற்றுவதில் எத்தனை பேர் காட்டுகிறோம்? கழிவைத் தெருச்சாக்கடையில் தள்ளிவிட்டு, கூடத்தில் ஊதுவத்தி ஏற்றினால் குர்பானி கொடுத்தவர் மூக்கு தப்பிவிடும். மூன்றாம் நாள் அத்தெருவில் நடப்பவர் மூக்கு தப்பாது. ஆழக் குழிதோண்டிப் புதைப்பதோ, நகராட்சி வண்டியில் முறையாகச் சேர்ப்பதோ அன்றைய கடமையின் ஒரு பகுதி என்றே நாம் கருதுகிறோம். இதில் நம்மவரிடமே நமக்குக் குறையுண்டு, மறைக்க விரும்பவில்லை.

இன்னுமோர் அறை இருக்கிறது. அதனைப் பற்றிப் பேச எல்லோரும் கூசுகின்றனர். முதுமையாலோ வாதத்தாலோ படுக்கையில் விழுந்த தந்தையின், தாயின் அறை. அங்கே சிறுநீர் வாடை எழுகிறது. பேரப்பிள்ளைகள் மெல்ல மெல்ல வாசலோடு நின்றுகொள்கின்றனர். நலம் விசாரிக்க வருவோர் அமராமலே விடைபெறுகின்றனர். மருமகள் அறைநறுமணத் திரவத்தைத் தெளித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு காலத்தில் அத்தர் மணக்க ஜும்ஆவுக்குச் சென்றவர் அவர்.

அன்பர்களே, புதிய சிறுநீரில் வாடை குறைவு. நேரம் செல்லச் செல்ல நுண்ணுயிர்கள் அதிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குவதால்தான் நெடி மிகுகிறது. எனவே இங்கே தேவைப்படுவது வாசனைத் திரவமன்று, விரைவு. நனைந்த துணியை உடனே மாற்றி, முதலில் தண்ணீரில் அலசிப் பிறகு சோப்பிட்டுத் துவைத்து, வெயிலில் உலர்த்துங்கள். மெத்தைமேல் ரப்பர் விரிப்பு இடுங்கள். அவர் உடலைத் துடைத்து உலர்த்துங்கள். சன்னலைத் திறந்து, சன்னலோரமாகக் கட்டிலை நகர்த்துங்கள். 'தூய்மையின்றி நான் எப்படித் தொழுவேன்?' என்னும் ஏக்கம் அவர் நெஞ்சில் இருக்கக்கூடும். சிறுநீரை அடக்க இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது. தொழுகை நேரம் வந்தபின் கழுவித் தூய துணி கட்டி, கடமையான ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாக ஒளுச் செய்து தொழுதுகொள்ளலாம். இடையில் கசிவதைப் பற்றி வருந்தவேண்டுவதில்லை. இதை அவரிடம் யாராவது எடுத்துச் சொன்னீர்களா?

இத்தனை வேலையும் யார் தலையில் விழுகிறது என்பதையும் பேசாமல் விடலாகாது. பெரும்பாலான வீடுகளில் ஒரே பெண்மணியின் தலையில்தான். வீட்டில் இருக்கையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குடும்பத்தார்க்குப் பணி செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. பள்ளிவாசலில் வெள்ளியன்று அதனைக் கேட்டுத் தலையசைத்துத் திரும்பும் ஆடவரில் எத்தனை பேர் கழிப்பறை தேய்க்கும் தூரிகையைக் கையில் எடுத்திருக்கிறோம்?

மதீனத்துப் பள்ளியைப் பெருக்கிவந்த பெண்மணி ஒருவர் இறந்துபோனார். இதைப் போய்ச் சொல்வானேன் என்று எண்ணி, நபிகள் நாயகத்துக்கு அறிவிக்காமலே அவரை அடக்கம் செய்துவிட்டனர். சில நாள் கழித்து அவரைக் காணாமல் விசாரித்த பெருமானார் (ஸல்), செய்தி அறிந்ததும், தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டார்கள். பின்னர் அவர் அடங்கிய இடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று, அவருக்காகத் தொழுகை நடத்தினார்கள்.