பேயுமன்று, பித்துமன்று!

ஒரு பெண் தலைவிரி கோலமாய் அலறி ஆடுகிறாள். கோடாங்கி உடுக்கையோடு வந்து, “பேய் பிடித்திருக்கிறது” என்கிறான். படித்த சீர்திருத்தக்காரரோ, “மூடத்தனம்! இது மனக்கோளாறு, மாத்திரை கொடுங்கள்” என்கிறார். முன்னவன் பழியைப் பேயின்மேற் போட்டான். பின்னவர் அவள் மூளையின்மேற் போட்டார். அவள் எந்நேரம் எழுகிறாள், என்ன கூலி பெறுகிறாள், வீட்டில் எவரிடம் வாய்திறக்க அஞ்சுகிறாள் என்று இருவரில் எவரேனும் கேட்டதுண்டா?

கேளாமைக்குக் காரணம் யாது? உள்ளத்தை ஆராயும் மனோதத்துவமும், சமூக வாழ்வை ஆராயும் மானிட நூலும் தனித்தனியே நிற்பதே. சமூகத்துக்குப் புறம்பாக ஓர் உள்ளம் எங்கேனும் உண்டோ?

இவ்விரண்டையும் இணைத்தல் புதுமையன்று. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற குழுவில் ரிவர்ஸ் என்னும் மனோதத்துவ அறிஞர் இருந்தார். அத்தீவினரின் கண், செவி முதலிய புலன்களைச் சோதித்தபோது, “காட்டு மனிதர்”க்கு வேறுவகைப் புலன் உண்டென்ற கதை பொய்த்தது. 1901-02இல் அவர் நீலகிரித் தோடரிடையே தங்கி ஆராய்ந்தார். 1906இல் நூல் வெளியிட்டார். அக்காலத்திலேதான் சென்னையில் எட்கார் தர்ஸ்டன் சாதி சாதியாக மூக்கை அளந்துகொண்டிருந்தார்! மூக்கை அளந்ததால் எவன் துயரம் தீர்ந்தது? முதல் உலகப் போரில் மனமுடைந்த வீரரைக் கோழையென்று தூற்றாமல், பேசவைத்துச் சிகிச்சை செய்தவரும் அதே ரிவர்ஸே.

தொலைநாட்டுக் கதை எதற்கென்பீரேல், நம் மலேசியாவிலேயே சான்றுண்டு. 1970களில் தொழிற்சாலைகளில் மலாய்ப் பெண்கள் கூட்டங்கூட்டமாய் அலறி விழுந்தனர். நிர்வாகங்கள் பொமோவை அழைத்தன. மயக்க மாத்திரையும் கொடுத்தன. பினாங்கிற் பிறந்த மானிட நூலறிஞர் ஐவா ஓங் கோலலங்காட் மக்களிடையே தங்கி ஆராய்ந்து, 1987இல் நூல் எழுதினார். பேயின் பெயரால் வெளிப்பட்டது வேலைக் கெடுபிடிக்கெதிரான மறுப்புக் குரலே என்று காட்டினார்.

நம் நிலையென்ன? 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பிறகு, மலாக்காத் தோட்டங்கள் பெருகின. அங்கே மரம் எண்ணப்பட்டது, பால் நிறுக்கப்பட்டது, உழைத்தவன் மனத்தைக் கேட்க ஆளில்லை. தோட்டங்கள் பல மறைந்தன. லயத்தை விட்டவர்கள் நகரோரம் சேர்ந்தனர். குடியும் தற்கொலையும் அவர்களோடு வந்தால், “தமிழன் குணமே இது” என்று தீர்ப்புக் கூறுவோர் நம்மவரிலும் உளர். வெட்கம்!

மருத்துவரை நாடவேண்டாமென்று நாம் கூறவில்லை. நோய்க்கு மருந்து வேண்டும், தாமதமின்றி வேண்டும். ஆனால், நோயாளியின் மொழி, உறவு, கூலி, அச்சம் இவற்றை அறியாத மருத்துவம் பாதி மருத்துவமே.

ஆகவே பல்கலைக்கழக அறிஞர்களைக் கேட்கிறோம்: இரு நூல்களையும் ஒருங்கே ஏந்தி எங்கள் வாயிலுக்கு வாருங்கள். தமிழிற் கேளுங்கள், கண்டதைத் தமிழிலேயே எங்கள் மன்றங்களிலும் சங்கங்களிலும் திருப்பிச் சொல்லுங்கள். எங்களைப் பற்றி எழுதி, எங்களுக்கே காட்டாத ஆராய்ச்சி, பாலைக் கறந்துகொண்டு மரத்தை மறந்த பழைய தோட்டக் கணக்கே.

கிளேபாங் தமிழரே, சுற்றுவட்டாரத் தோழரே! அடுத்த முறை ஒருத்தி ஆடினால் உடுக்கையை நிறுத்துங்கள், ஏளனத்தையும் நிறுத்துங்கள். முதலில் அவளைப் பேசவிடுங்கள்.